கணக்கு எண் எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தால் அந்தப் பட்டியலை அனுப்பாதீர்கள்

போன வாரம் கல்வி உதவித்தொகைப் பட்டியல் ஒன்று மேசைக்கு வந்தது. இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் பெயர், எதிரே 16 இலக்க வங்கிக் கணக்கு எண். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினால் அத்தனையும் பூஜ்யத்தில் முடிகிறது. பத்து எண்கள் தற்செயலாக அப்படி முடியவே ஆயிரம் கோடியில் ஒரு வாய்ப்புதான், இருநூறு எங்கே? கடைசி இலக்கத்தை எக்செல் தின்றுவிட்டது. இந்த வருஷம் இது எனக்கு நாலாவது பட்டியல்.

போன் போட்டுக் கேட்டால் எப்போதும் வரும் பதில்: "சார், அது சரியா தெரியலை, அவ்வளவுதான். செல் ஃபார்மேட்டை மாத்துங்க, வந்துடும்."

வராது. தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் 1.23 என்று ஆரம்பித்து நடுவில் ஒரு ஆங்கில எழுத்தோடு சுருங்கித் தெரியும். அது வெறும் காட்சி. ஃபார்மேட்டை மாற்றினால் 12 இலக்கமும் திரும்பிவிடும். இதை ஒருதரம் பார்த்தவர்கள் 16 இலக்கத்துக்கும் அதேதான் என்று நம்பிவிடுகிறார்கள். 1234567890123456 என்று அடித்து என்டர் தட்டிய நொடியே உள்ளே பதிவாவது 1234567890123450. அந்த 6 எங்கும் ஒளிந்திருக்கவில்லை, கோப்பிலேயே இல்லை. அதற்கப்புறம் டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றினால் அந்தப் பூஜ்யம்தான் டெக்ஸ்டாகும்.

"எக்செல் முந்நூறு இலக்கம் வரைக்கும் தாங்குமே" என்று கணக்குப் படித்தவர்களே வாதாடுகிறார்கள். எவ்வளவு பெரிய எண் என்பது வேறு, எத்தனை இலக்கம் துல்லியம் என்பது வேறு. எக்செல் ஒவ்வொரு எண்ணையும் 64 பிட்டில், அதாவது 64 பூஜ்யம்-ஒன்று இடங்களில் வைக்கிறது. இந்த முறையில் 2-இன் 53-ஆம் அடுக்கு, அதாவது 9007199254740992 வரை ஒவ்வொரு முழு எண்ணுக்கும் தனி இடம் உண்டு. அடுத்த எண்ணான 9007199254740993-க்கு இடம் கிடையாது. அங்கிருந்து இரட்டைப்படை எண்கள் மட்டும்தான், 54-ஆம் அடுக்கைத் தாண்டினால் நாலின் மடங்குகள் மட்டும். 15 இலக்க எண்கள் எல்லாமே இந்த எல்லைக்குள் அடங்கும், ஆனால் 16 இலக்கத்தில் 9-இல் தொடங்குபவை ஏறக்குறைய எல்லாமே வெளியே நிற்கும். எக்செல் 15-லேயே கோடு கிழித்துவிடுகிறது. 2010-இல் ட்விட்டரின் பதிவு எண்கள் 53 பிட்டைத் தாண்டப்போனபோது இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதே சிக்கல் வரும் என்பதால், அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார்கள். கூட்டவோ பெருக்கவோ போகாத எண் எழுத்தாகவே இருக்கட்டும்.

ஆகவே, அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றுங்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள், திறந்துவிட்டால் சேவ் செய்யாமல் மூடுங்கள், டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். இன்னொன்று, சக ஆடிட் ஆட்களுக்கு: டெக்ஸ்டாகவே வைத்திருந்தாலும் ஒரு மதிப்பு எத்தனை தரம் வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரம் அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். முதல் 15 இலக்கம் ஒத்துப்போகும் இரண்டு வேறு கணக்குகளை ஒன்றே என்று எண்ணிவிடும், தேடும் மதிப்போடு ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டிவிட்டால் ஒழுங்காக எண்ணும்.

பெயர் பொருந்தாவிட்டால் பணம் திரும்பிவிடும் என்று தைரியமாக இருக்காதீர்கள். என்இஎஃப்டியில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைத்துவிடுவார்கள். பூஜ்யத்தில் முடியும் அந்த எண் நிஜமாகவே இன்னொருவருடைய கணக்காக இருக்கலாம்.

கெட்டுப்போன பட்டியல் கையில் இருந்தால் கடைசி இலக்கத்தை ஊகிக்க வேண்டாம், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பாஸ்புக் நகல்களை மறுபடி எடுத்துவைத்துப் புதுத் தாளில் முதலிலிருந்து அடியுங்கள். இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.