கணக்கு முடிக்க வந்த அக்கா

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பல ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர் திங்கட்கிழமை வரவில்லை என்றால், "பக்கத்து கம்பெனியில ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடத் தர்றாங்களாம்" என்று சொல்லிவிட்டு வேறு ஆள் தேடப் போய்விடுவோம். நானும் அதை நம்பியவன்தான்.

ஓவர்லாக் (துணி ஓரத் தையல்) அடிக்கும் அக்கா ஒருவர் கணக்கு முடிக்க வந்தார். போகிற இடத்திலும் அதே கூலிதான். அப்புறம் ஏன் என்று கேட்டேன். மெஷினுக்கு மேலே இருந்த டியூப் லைட் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. கறுப்புத் துணியில் தையல் சரியாகத் தெரியாமல் பீஸ் திரும்பி வந்திருக்கிறது. லைன் சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். "லைட் மாத்தாததுகூடப் பரவால்லைங்க. சரி, பார்க்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. பீஸ் திரும்பினா மட்டும் எல்லார் முன்னாடியும் சத்தம் போடறாரு."

அந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவரிடம் மணிக்கு மணி எத்தனை பீஸ் என்று மட்டும்தான் கேட்கிறார்கள். எலக்ட்ரீஷியனை அழைக்கக்கூட மேனேஜர் கையெழுத்து வேண்டும். கேட்டால் திட்டு. அவர் சொல்வதையும் கேட்க ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கையெழுத்தில்லாமல் எலக்ட்ரீஷியனை அழைக்கும் உரிமையை அவருக்கு வாங்கிக் கொடுத்தோம். காலைக் கூட்டத்தில் டார்கெட்டுக்கு முன்னால், "நேற்று லைனில் யார் என்ன சொன்னார்கள், என்ன பதில் சொன்னீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்தோம். எல்லாவற்றுக்கும் சம்மதிக்க முடியவில்லை. பஸ்ஸுக்காக அரை மணி நேரம் முன்னால் போகக் கேட்டவர்களுக்கு, ஷிப்மென்ட் முடியும்வரை முடியாது என்று சூப்பர்வைசர் காரணத்தோடு சொன்னார். வருத்தம்தான், ஆனால் யாரும் வேலையை விடவில்லை.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கை. மனு கிடைத்து 30 நாளில் விசாரணை முடிய வேண்டும். பல இடங்களில் அது ஆடிட்டுக்குக் காட்டும் ஃபைலாகத்தான் இருக்கிறது. லைனில் பாதிப் பேர் ஒடிசாப் பெண்கள், குழுவில் ஒடியா பேசுகிறவர் ஒருவரும் இல்லை என்றால் யார் வந்து சொல்வார்கள்?

எங்கள் குழுவில் ஓர் ஒடிசாப் பெண்ணைச் சேர்த்தோம். கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்கும் முறையை எடுக்கச் சொல்லி முதல் கூட்டத்திலேயே கேட்டார். அந்த டோக்கன் பலகையைத் தாண்டித்தான் நான் தினமும் என் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.