அரசியலமைப்பைத் திருத்த எத்தனை கை வேண்டும்?

1969 ஜனவரி 14 அன்று மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. மாநிலங்களைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் முதல் அட்டவணையில் இருந்த பெயரே மாறியது. அதற்கு நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை, அதாவது வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல், போதுமாக இருந்தது. 2016-ல் ஜிஎஸ்டிக்கான திருத்தத்துக்கோ இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை, அப்புறம் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்ற ஒப்புதல் என்று எல்லாம் தேவைப்பட்டது. ஒரே சாசனம்தான், பூட்டு மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

சாசனத்தை எழுதுவதற்காக 1946 டிசம்பர் 9-ல் முதன்முதலாகக் கூடிய அரசியல் நிர்ணய சபை செய்துவைத்த ஏற்பாடு இது. நிர்வாக விவரங்களில் பெரும்பகுதி 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்தது. கடன் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அம்பேத்கரே சபையில் சொல்லிவிட்டார். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் விவாதித்து, 395 பிரிவுகளோடு 1949 நவம்பர் 26-ல் ஏற்றுக்கொண்டார்கள்.

அதில் 368-வது பிரிவு ஒரு சின்னக் கணக்குப் புதிர். சிறப்புப் பெரும்பான்மை இங்கேதான் வருகிறது: திருத்தம் நிறைவேற, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை அவையின் மொத்த பலத்தில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். மக்களவையின் 543 பேரில் 450 பேர் வாக்களித்தால் 300 வாக்கு வேண்டும். 360 பேர்தான் வாக்களித்தார்கள் என்றால் 240 போதுமே என்று தோன்றும். போதாது, 272 வேண்டும். பாதி அவை காலியாக இருக்கும் நாளாகப் பார்த்து காரியத்தை முடித்துவிட முடியாது.

இவ்வளவு இருந்தும், திருத்த முடியாத அளவுக்கு இறுக்கம் இல்லை. சாசனம் அமலுக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நிலையில், 1951-லேயே முதல் திருத்தம் வந்தது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த மெட்ராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். கல்வி இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) என்ற உட்பிரிவு அப்படித்தான் சேர்ந்தது.

சரி, மூன்றில் இரண்டு பங்கு கையில் இருந்தால் எதையும் மாற்றலாமா? தேர்தலையே ஒழித்துவிடலாமா? 368-ல் இதற்கு நேரடி பதில் கிடையாது. பதில் 1973 ஏப்ரல் 24-ல், கேசவானந்த பாரதி வழக்கில் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள், 7-க்கு 6 என்ற நூலிழைப் பெரும்பான்மை. எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்றது தீர்ப்பு. அந்தக் கட்டமைப்பில் என்னென்ன அடங்கும் என்று முழுப் பட்டியல் போட்டுத் தரவில்லை. அது குறைதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கென்னவோ பட்டியல் இல்லாததில்தான் அதன் பலம் இருப்பதாகப் படுகிறது.

நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-வது திருத்தத்தைப் பாருங்கள். இரு அவைகளும் நிறைவேற்றின, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஒப்புக்கொண்டன, குடியரசுத் தலைவரும் கையெழுத்திட்டார். நீதித்துறையின் சுதந்திரம் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்று சொல்லி, 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது.