மிஷன் டிரிப்பும் ‘அருட்பணிப் பயண’மும்

கோடை விடுமுறை நெருங்கினால் பெங்களூருத் தமிழ்ச் சபைகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறிவிடும்: ‘நேபாள அநாதைகளுக்காக வாலிபர் ஐக்கியத்தின் அருட்பணிப் பயணம். ஜெபத்தாலும் பொருளாலும் தாங்கவும்.’ அதற்கு மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் மிஷன் டிரிப். வாலிபர்கள் மேல்வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஃபிரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் வளர்ந்த பிள்ளைகளில் தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். கீழ்வரி பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும், அதாவது காணிக்கை உறையில் பணம் வைப்பவர்களுக்கு. எதற்குக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லும் ஒரே வரி அதுதான். அதில் ‘அருட்பணி’யும் சரியில்லை, ‘அநாதை’யும் சரியில்லை.

மிஷன் என்பதன் வேர் ‘மித்தேரே’ என்ற இலத்தீன் வினை. பொருள், அனுப்புதல். சமயப் பணிக்காக ஆளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அந்தச் சொல்லை 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் வழக்கமாக்கினார்கள். தமிழுக்கு அது பெயர்ச்சொல்லாகவே வந்து சேர்ந்தது: மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்ட். 1903இல் திருநெல்வேலித் தமிழர்களே தொடங்கிய சங்கத்துக்கும் ‘இந்திய மிஷனரி சங்கம்’ என்றே பெயர் வைத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909இல் தானே தெலுங்கு நாட்டு தோர்னக்கலுக்குப் போனார், 1912இல் அங்கேயே பேராயரானார், 1945இல் காலமாகும்வரை அந்த மண்ணிலேயே இருந்தார். மிஷனரி என்ற சொல்லின் எடை தெரிய இந்த ஒரு வாழ்க்கை போதும். டிரிப் என்பதற்கு விளக்கம் தேவையில்லை; ஆஸ்பத்திரியில் ஏற்றுவதையும் நம்மவர்கள் டிரிப் என்றுதான் சொல்கிறார்கள்.

இனி ‘அருட்பணி’. மிஷன் என்ற வடிவம் உறுத்தியவர்கள் கண்ட தமிழ் இது. சொல்லாக்கத்தில் குறையில்லை. அருள், பணி இரண்டும் நல்ல தமிழ், புணர்ச்சியும் சரி. இறையியல் கல்லூரிகளில் அருட்பணியியல் என்று ஒரு பாடமே இருக்கிறது. அங்கே அந்தச் சொல் அதன் இடத்தில் இருக்கிறது. அறிவிப்புப் பலகைக்கு அதை இழுத்து வந்ததில்தான் கோளாறு.

முதலில், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. கத்தோலிக்கர் குருக்களின் பெயருக்கு முன்னால் ‘அருட்பணி’ என்று போடுகிறார்கள். அருட்பணியாளர் என்றால் அவர்களுக்குச் சாமியார்தான். சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிற ஒருவரிடம் ‘அருட்பணிப் பயணம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஃபாதர் எங்கேயோ போகிறார் என்றே புரிந்துகொள்வார். அவர்களுக்கு மிஷன் என்றால் மறைபரப்பு, மறைத்தூதுப் பணி. ஒரே ஊரில், ஒரே மொழியில், இரண்டு தெரு தள்ளி இருக்கிற இரண்டு சபைகள் ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்துக்கொண்டு எதிரெதிரே நிற்கின்றன. இப்படிப்பட்ட ஒன்றைக் கலைச்சொல் என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது, அருள் பாயும் திசை. அருள் மேலிருந்து கீழே வருவது. தருபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை பத்து நாள் போய் வருவதற்கு இந்த அடைமொழியைக் கட்டினால், அந்தப் பிள்ளையை அருள் சுமந்து செல்பவராகவும், அங்கே இருக்கிற எட்டு வயதுக் குழந்தையை அருளுக்குக் காத்திருப்பவராகவும் ஆக்கிவிடுகிறோம். ஆயர்கள் பிரசங்கத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் பேசுகிறார்கள். சுவரொட்டிதான் கேட்பதில்லை.

எனக்கு இவற்றைவிடப் பெரிய குறையாகப் படுவது, இந்தச் சொல் கணக்கை மூடிவிடுகிறது என்பது. பத்து நாள் பயணத்தைப் பிரித்துப் பாருங்கள். தில்லி வழியாகக் காத்மாண்டு போக ஒரு நாள், வர ஒரு நாள். ஊர் சுற்றவும் கடைக்குப் போகவும் ஒன்றரை நாள். ஐந்து காலை விடுமுறை வேதாகமப் பள்ளி: நேபாளி தெரிந்த ஒருவர் மொழிபெயர்க்க, அபிநயப் பாட்டு, கதை, காகித வேலை. அதே பாட்டைப் போன மாதம் வந்த குழுவிடம் கற்ற பிள்ளைகள் இவர்களுக்கு முன்னால் பாடி முடித்துவிடுவார்கள். பிற்பகலில் பெயிண்ட் அடிப்பது. காரை பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, ஈரம் காயவிட்டு, பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை என்று செய்தால் ஒரு அறைக்கே நாலைந்து நாள் பிடிக்கும். இவர்களிடம் இருப்பது மூன்று பிற்பகல். ஈரச் சுவரில் நேரே எமல்ஷனைப் பூசிவிட்டு வந்தால் அடுத்த மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும்; அதன் மேல் பூச அடுத்த குழு வரும். உள்ளூரில் கூலிக்குப் பெயிண்ட் அடிக்கிறவருக்கு அந்த வேலை போயிற்று. இத்தனையும் ‘அருட்பணி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், என்ன செய்தீர்கள் என்று கேட்கவே ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பூசை அறையில் போய் வரவு செலவு கேட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

சட்டச் சிக்கலும் உண்டு. நேபாளத்தின் 2017ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 158ஆம் பிரிவின்படி மதம் மாற்றுவதும் அதற்கு முயல்வதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்த 7 நாளில் நாடு கடத்தல். சபையின் லெட்டர்ஹெட்டில் ‘அருட்பணிக் குழு’ என்று எழுதி, அதை யாராவது சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி அங்குள்ள காப்பகத்துக்கு அனுப்பினால் ‘மிஷனரிக் குழு வருகிறது’ என்று போய் நிற்கும். சுவர் பூசப் போனவர்களுக்கு இந்த வம்பு எதற்கு? அந்தக் கடிதம் சிக்கலை உண்டாக்கப்போவது இவர்களுக்கு மட்டுமில்லை. இவர்கள் விமானம் ஏறிய பிறகும் அங்கேயே இருக்கப்போகிற காப்பகத்தாருக்கும்தான்.

சரி, வேறு என்ன சொல்வது? ‘ஊழியப் பயணம்’ என்பது சபைப் பேச்சில் ஊறிய சொல். ‘ஊழியத்துக்குப் போயிருக்காங்க’ என்றால் பெங்களூரில் எந்தத் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டிலும் புரியும். பிரசங்கமும் ஜெபக் கூட்டமுமே நோக்கமானால் அதையே தாராளமாகப் போடலாம், எனக்கு மறுப்பில்லை. (இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலை. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையிலும் இதே பெயரில் அது இருந்தது. அதே சொல்தான் சபைப் பேச்சில் தெய்வ காரியத்துக்குரிய சொல்லாகவும் நிற்கிறது. தனியாக எழுத வேண்டிய கதை.) ‘திருப்பணி’ என்றால் கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டுவதுதான் எவருக்கும் நினைவு வரும். ‘சேவை’ சுற்றிலும் கேட்கும் கன்னடத்தால் பெங்களூரில் வலுப்பெற்ற சொல். ஆனால் வாடிக்கையாளர் சேவை மையம் முதல் தேங்காய்ச் சேவை வரை அதற்கு ஆயிரம் வேலை. வெறும் ‘பணிப் பயணம்’ அலுவலகப் படிக் கணக்குப் போல இருக்கிறது.

என் தேர்வு ‘உதவிப் பயணம்’. கவர்ச்சி இல்லைதான். ஆனால் உதவி என்றவுடன் ‘என்ன உதவி?’ என்ற கேள்வி தானாக வரும், அந்தக் கேள்விக்கு அறிவிப்பிலேயே பதில் எழுத வேண்டியிருக்கும். தண்ணீர் வடிகட்டி பொருத்தவா, கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுத் தரவா, காப்பகப் பணியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சிக்கா? பதில் சொல்ல முடியாவிட்டால் விமானச் சீட்டுக்கு ஆகும் பணத்தை அங்கே ஒரு செவிலியின் சம்பளத்துக்குக் கொடுப்பதே மேல். அறக்கட்டளைப் பணமானால் அதையும் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வருமான வரி விலக்குக் கிடைக்காது.

அடுத்து, ‘அநாதை’. அ + நாதன்: காக்கும் தலைவன் இல்லாதவர். (நாதன் என்பதில் உள்ள ‘ந’ அப்படியே நிற்பதால் அநாதை என்பதே சரி, ‘அனாதை’ பிழை.) கவனியுங்கள், வேர்ச்சொல்லில் தாய் தகப்பன் செத்தார்கள் என்ற செய்தியே கிடையாது. தமிழ் வேதாகமம் இன்னும் நயமாகத் ‘திக்கற்ற பிள்ளைகள்’ என்றது. யாக்கோபு முதல் அதிகாரத்தின் கடைசி வசனம் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ‘விசாரிக்கிறதும்’ பக்தி என்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து கேட்கிற அந்த விசாரிப்பு. புலம்பல் ஐந்தாம் அதிகாரத்தில் திக்கற்றவர்களானோம், தகப்பன் இல்லை என்பவர்கள் அதே மூச்சில் தங்கள் தாய்மார் விதவைகளைப் போல இருப்பதாகச் சொல்கிறார்கள். தாய் உயிரோடுதான் இருக்கிறாள். எபிரெயச் சொல்லின் பொருளும் தகப்பனற்றவர் என்பதுதான்.

இன்றைய புள்ளிவிவரத்திலும் இதே சங்கதி. யூனிசெப் கணக்கில் பெற்றோரில் ஒருவரை இழந்தாலும் அநாதைகள் பட்டியலில் பெயர் வரும். 2015 மதிப்பீட்டில் உலகம் முழுக்க ஏறத்தாழ 14 கோடிப் பிள்ளைகள். இருவரையும் இழந்தவர்கள் அதில் 1.51 கோடி. சுவரொட்டியில் 14 கோடி அநாதைகள் என்று போடுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் போடுவதில்லை. கம்போடியக் காப்பகங்களில் ஆய்வு செய்தபோது நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். நேபாளத்தில் ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களிலிருந்து, படிப்பு வாங்கித் தருகிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு தரகர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். பெற்றோர் இறந்ததாகப் பொய்ச் சான்றிதழ் தயாரானது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் இல்லங்கள் பெருகின. சுற்றுலாப் பயணிகள் நிறைய வரும் இடத்தில்தான் இல்லங்களும் நிறைய. அநாதையைப் பார்க்க ஆள் வருகிறது, ஆள் வருவதால் அநாதை தேவைப்படுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன் தீர்மானம் ஒன்றில், காப்பகங்களுக்குத் தொண்டர்கள் போய்வரும் திட்டங்களால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைத் தடுக்கச் சொன்னது இதனால்தான்.

நம் ஊர்ச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பெற்றோரற்ற பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, ஒப்படைக்கப்பட்ட பிள்ளை என்று தனித்தனியாக வரையறுத்து, எல்லாரையும் உள்ளடக்கி ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த நான்கையும் ‘அநாதை’ என்று ஒரே கரண்டியால் அள்ளிப் போடுகிறார்கள். மென்பொருள் மொழிபெயர்த்ததைத் திருத்தாமல் ஒட்டுவது வேறு கதை; அதில் பயணத்துக்கு முன் வரவேண்டிய ‘ப்’ கூட இருக்காது. ‘ஆதரவற்ற குழந்தைகள்’ என்ற நாகரிக மாற்றும் உதவவில்லை. ஊரில் அம்மா இருக்கிறாள், மாதம் ஒருமுறை போன் செய்கிறாள்; அவளை ஆதரவுக் கணக்கில் சேர்க்கக்கூடாதா? வறுமைதான் காரணமென்றால் அந்த அம்மாவுக்கே உதவினால் பிள்ளை வீட்டிலேயே வளருமே. தவிர, அநாதை என்பது தமிழில் வசவு. உரிமை கோராத பிணத்துக்கும், பேருந்து நிலையத்தில் கிடக்கும் பைக்கும் அந்த அடைமொழிதான்.

இருவரும் இறந்தது உறுதியானால் ‘பெற்றோரை இழந்த பிள்ளைகள்’. மற்றபடி ‘காப்பகப் பிள்ளைகள்’ போதும். எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும், ஏன் இருக்கிறார்கள் என்று ஊகிக்காது.

ஆக, அந்தத் தாளை இப்படி எழுதலாம்: ‘வாலிபர் ஐக்கியத்தின் நேபாளக் காப்பக உதவிப் பயணம். வேலை: தண்ணீர் வடிகட்டி பொருத்துதல், பணியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி. காப்பகத்தின் பதிவுச் சான்று ஆயரிடம் பார்க்கலாம்.’ கூடவே போகிறவர்களுக்கான விதிகள், அவையும் தமிழில்: போலீஸ் சரிபார்ப்புச் சான்று இல்லாதவர் வர முடியாது; எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியே இருக்கக்கூடாது, எப்போதும் இருவர்; குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது காப்பகப் பணியாளர் வேலை; பரிசைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளை மடியில் ஏறிக் கட்டிக்கொண்டால் பூரித்துப்போக வேண்டாம். மாறி மாறி வந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அப்படித்தான் ஒட்டும், அப்புறம் ஒவ்வொரு முறையும் பிரியும்.

திரும்பி வந்த பிறகு ‘சாட்சி’ சொல்லும் ஞாயிற்றுக்கிழமை திரையில் ஓடும் படங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். அடியில் ‘நாங்கள் சந்தித்த அநாதைச் செல்வங்கள்’ என்று எழுதியிருக்கும், முகம் முழுதாகத் தெரியும், சில நேரம் பெயரும் இருக்கும். இந்தியக் காப்பகத்துப் பிள்ளையானால், அடையாளத்தை வெளியிடுவதற்கு அதே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. நேபாளத்துப் பிள்ளையின் முகம் மட்டும் மலிவா? வடிகட்டியைப் படம் எடுத்துக் காட்டுங்கள், பணம் கொடுத்தவர்களுக்கு அதுதான் கணக்கு.