நன்னீர் மீனுக்கு எதற்கு உப்பு?

வண்ண மீன் வாங்கினால், "தொட்டியில் ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்கள்" என்று சொல்லி அனுப்பும் கடைக்காரர்கள் உண்டு. ஏன் என்று கேட்டால், மீனுக்கு நல்லது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நல்லதுதான், எப்போதும் அல்ல.

நன்னீர் மீனின் இரத்தம், லிட்டருக்கு 8 அல்லது 9 கிராம் உப்பு கரைத்த நீருக்கு இணையான செறிவு கொண்டது. சுற்றியுள்ள நீரிலோ பெரும்பாலும் அரை கிராம்கூட இருக்காது. ஆகவே சவ்வூடு பரவலால் செவுள் வழியே நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். புகுந்த நீரைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றுகிறது. இழந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் நீரிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. இதற்கெல்லாம் சக்தி செலவாகும். வலையில் சிக்கி, பையில் குலுங்கி, செதில் உரிந்து வந்த மீனுக்கோ கசிவு இன்னும் கூடுதல். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு அந்தச் செறிவு வேறுபாட்டைக் குறைத்து, மீனின் சுமையை இறக்குகிறது.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது நைட்ரைட் விவகாரம். புதுத் தொட்டியில் மீன்கழிவின் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும்; அதை நைட்ரேட்டாக மாற்றவேண்டிய அடுத்த கூட்டம் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தேங்கும் நைட்ரைட், குளோரைடை இழுக்கும் அதே செவுள் வழியாக மீனுக்குள் நுழைந்துவிடுகிறது. ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமாக மாற்றி இரத்தத்தைப் பழுப்பாக்குகிறது. நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். நீரில் குளோரைடு மிகுந்திருந்தால் அந்த வாசலில் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் கெளுத்திப் பண்ணைகளில் குளங்களுக்கு உப்பு இடுவது இதற்காகத்தான். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு அங்கே வழக்கமான இலக்கு. 60 லிட்டர் தொட்டிக்கு 12 கிராம் உப்பு போட்டாலே அந்த அளவைத் தாண்டிவிடும். நைட்ரைட்டைத் தடுக்க மட்டும் என்றால் கைப்பிடி எதற்கு? ஆனால் உப்பு நைட்ரைட்டை அகற்றாது, தடுக்கும். நீரை மாற்றித்தான் ஆகவேண்டும்.

மோலி கழிமுகங்களிலும் வாழும் மீன், உப்பைப் பொருட்படுத்தாது. கோரிடோரஸ், டெட்ரா போன்றவை உப்பே அரிதான ஆற்று நீரில் பழகியவை. அவற்றுக்குக் குறைவாக, சில நாட்களுக்கு மட்டும் போதும். நீர்ச்செடிகள் பலவும் உப்பில் வாடும். நலமாக உள்ள மீனுக்கு மாதக்கணக்கில் உப்பு போடுவது வீண் என்பது என் கருத்து.

உப்பு ஆவியாகாது. வற்றிய அளவுக்கு வெறும் நீரையே ஊற்றவேண்டும். நீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும், எடுத்த நீருக்கு உரிய உப்பைச் சேர்க்கலாம்.