அகுதாகவா கண்ட பற்சக்கரங்கள்

நடந்துபோகிறவரின் கண்முன்னே அரைகுறையாக ஒளி ஊடுருவும் பற்சக்கரங்கள் சுழல்கின்றன. எண்ணிக்கை கூடிக்கொண்டே போய்ப் பாதிப் பார்வையை மறைக்கின்றன. கொஞ்ச நேரத்தில் அவை காணாமல் போக, தலைவலி பிடித்துக்கொள்கிறது. கண் டாக்டர் சிகரெட்டைக் குறைக்கச் சொல்கிறார். சிகரெட் பழகாத இளவயதிலேயே இது வந்ததுண்டே என்கிறார் கதைசொல்லி.

ஜப்பானிய எழுத்தாளர் ரியூனோசுகே அகுதாகவா 1927-இல் எழுதிய ‘பற்சக்கரங்கள்’ கதையில் வரும் இடம் இது. குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்துக்கு மூலமான கதைகளை எழுதியவர்தான். ‘பற்சக்கரங்கள்’ கதைசொல்லி கிட்டத்தட்ட அவரேதான். அவர் பிறந்த சில மாதங்களில் தாய்க்கு மனநோய் வந்துவிட்டது. தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதே ஆண்டு ஜூலையில், 35 வயதில் தற்கொலை செய்துகொண்டார். கதை முழுதாக அச்சேறியது அதன் பிறகுதான்.

அந்தச் சக்கரங்கள் பைத்தியத்தின் அடையாளம் அல்ல. ஒற்றைத் தலைவலிக்கு முன் சிலருக்கு வரும் காட்சியோடு அவை அச்சாகப் பொருந்துகின்றன. மூளையின் பின்பக்கம், பார்வையைக் கவனிக்கும் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) நரம்புச் செல்கள் திடீரென்று கிளர்ந்தெழுந்து, உடனே ஓய்ந்துபோகின்றன. காய்ந்த புல்லில் தீ நகர்வதுபோல இந்த அலை நகரும்: முன்விளிம்பு மின்னும், கடந்த இடத்தில் சற்று நேரம் எதுவும் தெரியாது. ஒவ்வொரு செல்லும் ஒரு குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கே துடிப்பதால் விளிம்பு பல் பல்லாகத் தெரிகிறது என்று கருதுகிறார்கள்.

1941-இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் கண்ணில் தோன்றியதையே நேரம் குறித்து வரைந்து, அலையின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டார். 1944-இல் பிரேசில் உடலியலாளர் லியாவோ முயல் மூளையில் பதிவுசெய்த அலையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஊர்ந்தது. ஆனால் நோயாளிக்கு அது சீராகத் தெரியாது. பார்வையின் நடுப்பகுதிக்குப் புறணியில் இடம் மிக அதிகம். அதனால் நடுவில் மெல்லத் தொடங்குவது ஓரம் போகப்போக வேகமெடுக்கும்.

சரி, கதையில் ஒன்று மட்டும் இடிக்கிறது. அவர் வலக்கண்ணைக் கையால் பொத்திப் பார்க்கிறார். இடக்கண்ணில் கோளாறில்லை, மூடிய வலது இமைக்குப் பின்னே சக்கரங்கள் சுழல்கின்றன. மூடியும் தெரிவதால் வெளியிலிருந்து வரும் ஒளி இதற்குக் காரணமில்லை. ஆனால் மூளை பார்வையைக் கண்வாரியாகப் பிரிப்பதில்லை. இரு கண்களும் காணும் வலப்பாதி முழுவதும் இடது மூளைக்குப் போகிறது. ஆக, இடக்கண்ணிலும் சக்கரம் தெரிந்திருக்க வேண்டும். வலப்பாதியில் தெரிவதை வலக்கண்ணின் கோளாறு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அகுதாகவாவும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். விழித்திரையிலேயே, ஒரு கண்ணில் மட்டும் நிகழும் அரிய வகையும் உண்டு. சிறுகதையை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாதுதான்.