ஆறு மாடி வீட்டின் காய்ந்த கழிவறை

ஏமன் தலைநகர் சனாவின் படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அந்தக் காலத்திலேயே ஐந்து, ஆறு மாடி எழுப்பியிருக்கிறார்கள். குழாயும் இல்லை, மோட்டாரும் இல்லை. மேல்மாடிக்காரர் கழிவறைக்கு எங்கே போனார்?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சனாவின் வண்ணக்கண்ணாடி சன்னல்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இதை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,250 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு சமவெளி. கிழக்கே நுக்கும் மலை. மேற்கே சற்றுத் தள்ளி, அரேபியத் தீபகற்பத்திலேயே உயரமான நபி ஷுஐப் சிகரம், 3,666 மீட்டர். செங்கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போதே மழையில் பெரும்பங்கைக் கொட்டிவிடும். வசந்தத்தில் கொஞ்சம், ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம், அவ்வளவுதான் சனாவுக்கு மிச்சம். மற்ற நாட்களில் வறண்ட காற்றும் சுள்ளென்ற வெயிலும்தான். நோவாவின் மகன் சேம் கட்டிய ஊர் என்பது உள்ளூர் ஐதீகம். மக்கள் இங்கே 2,500 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார்கள் என்பது வரலாறு. சபா அரசர்கள், இமாம்கள், இரண்டு முறை ஒட்டோமான் துருக்கியர் என்று பலர் ஆண்டார்கள். பழைய நகரை யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

சரி, கழிவறைக்கு வருவோம்.

மாடிதோறும் ஒரு கழிவறை உண்டு. எல்லாமே ஒரே செங்குத்துக் குழியை ஒட்டி அமைந்தவை. குந்தி உட்காரும் இடத்தில் கல்தளம், நடுவில் துளை. மலம் துளை வழியே நேராகக் கீழே, தெருமட்டத்தில் உள்ள அறையில் விழும். சிறுநீர் அந்தத் துளைக்குள் போகவே போகாது. கல்லில் வெட்டிய சின்ன வாய்க்கால் அதை வெளிச்சுவருக்குக் கொண்டுபோய்விடும். கால் கழுவுவதற்குப் பக்கத்திலேயே தனி இடம். அந்த நீரும் வெளியேதான் போகும். வெளிச்சுவரில் மேலிருந்து கீழ்வரை, நீர் ஊறாத சாந்து பூசிய ஒரு பட்டை. அதன்மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும்போதே வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சிவிடும். தப்பியது அடியில் உள்ள உறிஞ்சுகுழியில் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீரைப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் உயரம்தான். 15 மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பட்டையில், பத்துப் பேர் வீட்டின் ஒரு நாள் சிறுநீர், 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் படலம். அந்த வறண்ட மேட்டுநில வெயிலுக்கு ஒரு நாளில் சில மில்லிமீட்டர் நீரை ஆவியாக்குவது பெரிய வேலையே இல்லை. ஒரே பாத்திரத்தில் அடைத்து வைத்தால் நாட்கணக்கில் நாறுகிற அதே நீர், சுவரில் பரத்தினால் காணாமல் போகிறது!

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி, சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். கழிவறையின் காரநெடியில் பெரும்பகுதி அதுதான். இரண்டையும் சேர விடாவிட்டால் நெடியும் குறையும். கீழே விழுந்தது குழம்பாகாமல் காயும். காய்ந்ததில் ஈ முட்டையிட்டுப் பெருகாது, கிருமிகளும் மெல்ல மெல்லச் சாகும்.

காய்ந்ததை அள்ளி, மேலும் உலர்த்தி, ஹம்மாம் எனும் பொதுக் குளியலறைகளில் வெந்நீர் போட எரித்தார்கள். விறகு அரிதான ஊரல்லவா? எரித்த சாம்பல், பாஸ்பரஸும் பொட்டாசியமுமாக, ஊருக்குள் இருந்த காய்கறித் தோட்டங்களுக்குப் போனது. தோட்டத்துக்குப் பாய்ந்ததோ, மசூதியில் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்த நீர். ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை: அள்ளும் வேலை, சமூகத்தில் கீழே வைக்கப்பட்டவர்கள் தலையில்தான் விழுந்தது. அந்தப் பகுதியை நான் கொண்டாட மாட்டேன்.

இந்தத் தத்துவத்தில்தான் திருச்சி மாவட்டம் முசிறியிலும் சிறுநீரைப் பிரிக்கும் கழிவறைகள் கட்டி நடத்திக் காட்டினார்கள். கழிவறை ஆராய்ச்சி என்றதும் முகம் சுளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1970களுக்குப் பிறகு சனாவுக்குக் குழாய்நீர் வந்தது, ஃபிளஷ் கழிவறையும் வந்தது. காய்ந்தே இருக்கும்படி கட்டிய வீடுகளுக்குள் நீர் கசிந்து அடித்தளத்தை அரித்தது. நிலத்தடி நீரோ நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது; இறைத்ததில் பெரிய பங்கு, கிளர்ச்சிக்காக மெல்லும் இலையைத் தரும் காத் செடி வயல்களுக்கு. 2015இல் போர் தீவிரமானபின் குடிநீரும் கழிவுநீர் அமைப்பும் குலைந்த ஏமனில், 2017 முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் காலரா அறிகுறிகளோடு பதிவானார்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்களிடம் உள்ள படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பூவேலைகளுக்கு நடுவே, மாடிகளைக் கடந்து நேராகக் கீழே இறங்கும் நீண்ட பட்டை ஏதாவது தெரிந்தால், அதுதான்.