ஃபிளைட்: பயணம் அன்று, நிரை

இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜியைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘விமானப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர்’ என்ற தொடரைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஃபிளைட் (சில விமானங்கள் கொண்ட படைப்பிரிவு), ஸ்குவாட்ரன் (ஃபிளைட்டுகள் சில சேர்ந்த பிரிவு), விமானத்தளம், முழுப் படை என நான்கு படிகளிலும் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். அந்த ஏணியின் முதற்படியைப் பயணமாக்கிவிட்டால், பயணிகளை ஏற்றிச் சென்றவர் என்றே வாசகர் எண்ணுவார்.

ஃபிளைட் என்ற ஆங்கிலச் சொல் முதலில் பறத்தலையும், பின்னர் சேர்ந்து பறக்கும் பறவைக் கூட்டத்தையும் குறித்தது. 1912இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் ராயல் ஃபிளையிங் கோரில் அது ஸ்குவாட்ரனின் உட்பிரிவுக்குப் பெயராயிற்று.

இதற்குப் ‘பறப்பணி’ என்று சிலர் எழுதுகின்றனர். ஸ்குவாட்ரனும் பறக்கிறது, அதற்கு மேலுள்ள விங்கும் பறக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு செயலைப் பெயரில் வைத்தால் எதை எதிலிருந்து பிரித்தறிவது? ‘சிற்றணி’ என்பது இதனினும் மேல், ஆனால் வரலாறு அதற்கு இடம்கொடுக்கவில்லை. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் நான்கு வாபிட்டி விமானங்கள், ஆறு அதிகாரிகள், ஹவாய் சிப்பாய்கள் எனப்பட்ட பத்தொன்பது வீரர்கள் ஆகியோருடன் உருவான ‘ஏ’ ஃபிளைட்டே அன்று இந்திய விமானப்படையின் முழு வலிமையாக இருந்தது. இரண்டாம் ஃபிளைட் 1936இலும், மூன்றாவது 1938இலும்தான் வந்து சேர்ந்தன. தன்னைவிடப் பெரிய அணி எதுவும் நிறைவடையாத காலத்தில் தனித்து நின்ற ஒன்றைச் சிறியது என்று எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது?

நான் பரிந்துரைப்பது ‘நிரை’. ஆநிரை என்று மந்தைக்கும், கொக்கின் நிரை என்று வரிசையாகப் பறக்கும் பறவைகளுக்கும் தமிழில் உரிய சொல் இது. ஆங்கிலச் சொல் பறவைக் கூட்டத்தின் வழியே வந்தது போலவே, நம் சொல்லும் இயல்பாக இங்கு வந்து பொருந்துகிறது. ஸ்குவாட்ரனுக்கு ‘அணி’ போதும். ‘நிறை’ என்று பிழையாக எழுதிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே, ஆனால் எழுத்துப்பிழைக்கு அஞ்சி ஒரு நல்ல சொல்லைக் கைவிட இயலாது. ‘வான்’ என்பதை மட்டும் இதனோடு சேர்க்க வேண்டாம். புணர்ச்சியில் ‘வானிரை’ என்றாகி வானத்து இரை என்று பொருள் தரும். அடைமொழி வேண்டுமாயின் ‘விமான நிரை’ என்க.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டும் பழக்கமே இத்தனைக்கும் காரணம். படைத்துறை நூல்களைப் பெயர்ப்போர் அந்தப் படையின் அமைப்பை ஒருமுறையேனும் வரைந்து பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்திருந்தால், முதலில் நிரைக்குத் தலைமையேற்ற முகர்ஜி, 1939 மார்ச்சில் முதலாம் அணிக்கும், 1943இல் கோஹாட் தளத்துக்கும், 1954 ஏப்ரல் 1 அன்று முழுப் படைக்கும் தலைமையேற்றார் என்று தெளிவாக எழுதியிருப்பார்கள்.